எடைக்குறைப்பு ஊசி: மருந்துக்கடைக்கு முன் மருத்துவர்

ஆசிரியர் ஓய்வறைப் பேச்சில் அண்மைக்காலமாக ஒரு புதிய செய்தி சேர்ந்திருக்கிறது. "வாரத்துக்கு ஒரே ஒரு ஊசியாம், பசியே எடுக்காதாம், ஒரு வருஷத்தில் பத்துக் கிலோ குறைந்துவிடுமாம்" என்று ஒருவர் தொடங்குகிறார். "எங்கே கிடைக்கும் டீச்சர்? என்ன விலை?" என்று அடுத்தவர் கேட்கிறார். பேச்சு மருந்துக்கடை, இணைய விற்பனை, உடற்பயிற்சிக் கூடத்தில் தெரிந்த ஒருவர் என்று போய்க்கொண்டே இருக்கிறது. யாரிடம் காட்டிக் கேட்பது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. சில நேரம் வருவதே இல்லை. அந்தக் கேள்வியைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். இந்த ஊசிகள் ஏமாற்று வேலை அல்ல. சுவரொட்டியில் வரும் 'முப்பதே நாளில் ஒல்லி' பொடிகளோடு இவற்றைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது. உலகின் பல நாடுகளில் முறையாக ஆய்வு செய்து ஒப்புதல் பெற்ற மருந்துகள் இவை. உண்மையாகவே வேலை செய்யும் மருந்து என்பதாலேயே கவனமும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

பல்லியின் உமிழ்நீரில் தொடங்கிய கதை

அறிவியல் ஆசிரியர்களுக்கு இந்தப் பகுதி பிடிக்கும். நாம் உண்ட உணவு சிறுகுடலை அடைந்ததும் அங்குள்ள செல்கள் ஜிஎல்பி-1 என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது. இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கிறது. 'போதும்' என்ற செய்தியை மூளைக்குத் தெரிவிக்கிறது. ஆனால் இரத்தத்தில் அது ஓரிரு நிமிடங்களே தாக்குப்பிடிக்கும். பிறகு நொதிகள் அதைச் சிதைத்துவிடும். ஓரிரு நிமிடங்களில் அழியும் பொருளை வைத்து மருந்து செய்ய முடியாது.

இந்தச் சிக்கலுக்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலங்களில் வாழும் ஹீலா மான்ஸ்டர் என்னும் நச்சுப் பல்லியின் உமிழ்நீரில், ஜிஎல்பி-1 போலவே செயல்படும், ஆனால் எளிதில் சிதையாத ஒரு பொருளை ஜான் எங் என்ற மருத்துவ ஆய்வாளர் 1990களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். அதன் வழியில் உருவான எக்ஸினடைட் என்ற நீரிழிவு மருந்து 2005இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதை நாளுக்கு இரண்டு முறை போட வேண்டியிருந்தது. அடுத்தடுத்து வந்த மருந்துகள் உடலில் தங்கும் காலத்தை நீட்டின. இன்று பேசப்படும் செமாகுளூடைட், உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. வாரத்துக்கு ஒரே ஊசி போதும் என்பதன் காரணம் இதுதான்.

செமாகுளூடைட் நீரிழிவுக்கு ஒஸெம்பிக் என்ற பெயரிலும், உடல் பருமனுக்குக் கூடுதல் அளவில் வெகோவி என்ற பெயரிலும் விற்கப்படுகிறது. டிர்செபடைட் என்ற இன்னொரு மருந்து ஜிஎல்பி-1 உடன் ஜிஐபி என்ற மற்றொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. அதன் வணிகப் பெயர் மவுஞ்சாரோ. இந்தியாவில் மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் விற்பனைக்கு வந்தன. செமாகுளூடைடுக்கான இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். காப்புரிமை முடிந்தால் பல நிறுவனங்கள் அதைத் தயாரிக்கலாம், விலையும் இறங்கும். விலை இறங்க இறங்க, சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கும் பழக்கமும் பெருகும் என்பதுதான் கவலை.

எவ்வளவு குறையும், எவ்வளவு திரும்பும்

2021இல் வெளியான முக்கிய ஆய்வு ஒன்றில் 1,961 பேர் கலந்துகொண்டனர். செமாகுளூடைட் போட்டவர்கள் 68 வாரங்களில் சராசரியாகத் தம் எடையில் 14.9 விழுக்காடு குறைந்தார்கள். மருந்தற்ற ஊசி போட்டவர்கள் 2.4 விழுக்காடு குறைந்தார்கள். டிர்செபடைடின் 2022 ஆய்வில், மிகக் கூடிய அளவு பெற்றவர்களுக்கு 72 வாரங்களில் 20.9 விழுக்காடு வரை குறைந்தது. 68 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 14.9 விழுக்காடு என்றால் ஏறத்தாழ பத்துக் கிலோ. ஓய்வறையில் சொல்லப்படும் எண் இங்கிருந்துதான் வருகிறது.

அதே பேச்சில் விடுபட்டுப்போகும் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, அந்த ஆய்வில் இரு பிரிவினருக்கும் உணவைக் குறைக்கவும் வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்யவும் தொடர்ந்து ஆலோசனை தரப்பட்டது. ஊசி தனியாக நின்று அந்த எண்ணைத் தரவில்லை. இரண்டு, ஊசியை நிறுத்திய பிறகு என்ன ஆனது என்பது. நிறுத்தி ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. இதை அவர்களின் மன உறுதிக் குறைவு என்று எடுத்துக்கொள்வது தவறு. எடை குறைந்த உடல், பழைய எடையை நோக்கித் திரும்பப் பசியைக் கூட்டுகிறது, செலவழிக்கும் ஆற்றலைக் குறைத்துக்கொள்கிறது. மருந்து இருந்தவரை அந்தப் பசி அடங்கியிருந்தது. மருந்து போனதும் அது எழுந்துகொண்டது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதைப் போன்றதுதான் இதுவும்.

ஆகவே 'மூன்று மாதம் போட்டுப் பார்ப்போம்' என்று தொடங்குவதில் பொருளில்லை. இது ஆண்டுக்கணக்கில் செய்யக்கூடிய சிகிச்சை. அப்படியானால் ஆண்டுக்கணக்கில் நம்மைப் பார்க்கப்போகும் ஒரு மருத்துவரும் வேண்டும். பணக் கணக்கும் வேண்டும். மவுஞ்சாரோ இங்கு அறிமுகமானபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய். ஒரு குப்பி ஒரு வாரத்துக்கு. மாதத்துக்கு நான்கு என்று வைத்தாலும் முதல் மாதம் 14,000, அடுத்த மாதத்திலிருந்து 17,500. அளவு மேலும் கூடினால் செலவும் கூடும். அரசு ஊழியர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சையை மையமாகக் கொண்டது. வாரா வாரம் கடையில் வாங்கும் ஊசிக்கு அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். ஆறாவது மாதத்தில் பணமில்லாமல் நிறுத்தப்போகிறோம் என்றால், அதைத் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்வது நல்லது.

பிரிட்டனில் எப்படிக் கொடுக்கிறார்கள்

இந்த மருந்துகளை அக்கம்பக்கத்து மருத்துவர் வழியாகவே மக்களுக்குக் கொண்டுசேர்க்க முயலும் நாடு பிரிட்டன். அங்கே வீட்டுக்கு அருகிலுள்ள பொது மருத்துவரின் நிலையத்தில் ஒவ்வொருவரும் பெயர் பதிந்துகொள்வார்கள். அந்த நிலையத்துக்கு 'சர்ஜரி' என்று பெயர். ஆங்கில ஆசிரியர்கள் இதை வகுப்பில் சொல்லலாம்: அந்த இடத்தில் அச்சொல்லுக்கு அறுவை சிகிச்சை என்று பொருளல்ல, மருத்துவர் நோயாளிகளைப் பார்க்கும் இடம் என்றுதான் பொருள். காய்ச்சல், தடுப்பூசி, இரத்த அழுத்தம், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை, மனச்சோர்வு என எல்லாவற்றுக்கும் அதுவே முதல் கதவு. சிறப்பு மருத்துவரைப் பார்ப்பதற்கும் பெரும்பாலும் அங்கிருந்துதான் அனுப்புவார்கள்.

இங்கிலாந்தில் 2025 ஜூன் 23 முதல் இந்தப் பொது மருத்துவ நிலையங்கள் வழியாக டிர்செபடைட் வழங்கும் ஏற்பாடு தொடங்கியது. கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கவில்லை. முதல் ஓராண்டில், உடல் நிறை குறியீட்டெண் 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அதோடு இரண்டாம் வகை நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய இரத்தநாள நோய், தூக்கத்தில் மூச்சுத் தடை, இரத்தக் கொழுப்புக் கோளாறு ஆகிய ஐந்தில் நான்காவது இருக்க வேண்டும். முதல் மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 2,20,000 பேருக்குக் கொடுப்பது திட்டம். ஊசியோடு உணவு, உடற்பயிற்சி ஆலோசனையும் கட்டாயம் உண்டு. எல்லாப் பகுதிகளிலும் ஒரே நாளில் இது கிடைத்துவிடவில்லை. பகுதிக்குப் பகுதி ஏற்பாடு மாறுகிறது. அதனால் சொந்தப் பணத்தில் தனியார் மருந்தகங்களிலும் இணையத்திலும் வாங்குவோர் அங்கேயும் ஏராளம். இணைய மருந்தகங்கள் வெறும் வினாத்தாளை நிரப்பச் சொல்லி ஊசி அனுப்பியதால் சிக்கல் எழுந்தது. வாங்குபவரின் எடையையும் உயரத்தையும் தனியே சரிபார்க்காமல் கொடுக்கக் கூடாது என்று 2025 பிப்ரவரியில் மருந்தகங்களுக்கான ஒழுங்குமுறை அமைப்பு விதியைக் கடுமையாக்கியது.

அந்த விதிகளில் நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு வரியும் இருக்கிறது. தெற்காசியர் உள்ளிட்ட சில இனத்தவருக்கு அந்த 40 என்ற எல்லை 37.5 ஆகக் குறைக்கப்பட்டுள்ளது. லண்டனில் வாழும் தமிழர் ஒருவருக்கும் இது பொருந்தும். ஒரே எடையில், ஒரே உயரத்தில், ஐரோப்பியரைவிட நமக்கு வயிற்றுப் பகுதிக் கொழுப்பு கூடுதல், நீரிழிவும் இதய நோயும் முன்னதாகவே வருகின்றன என்பதுதான் காரணம்.

நம் எண் என்ன?

கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை குறியீட்டெண் கிடைக்கும். 155 சென்டிமீட்டர் உயரமும் 68 கிலோ எடையும் உள்ள ஆசிரியைக்கு 68 ÷ 2.4025, அதாவது 28.3. ஐரோப்பிய அளவுகோலில் இது 'கூடுதல் எடை' மட்டுமே. 30 ஐத் தாண்டினால்தான் பருமன். இந்திய மருத்துவர்கள் பின்பற்றும் அளவுகோலில் 23 க்கு மேல் கூடுதல் எடை, 25 ஐ எட்டினாலே பருமன். இதோடு இடுப்புச் சுற்றளவையும் பார்க்க வேண்டும்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை.

ஆனால் ஊசிக்கான எல்லை வேறு. உடல் பருமனுக்கு இவை இங்கு ஒப்புதல் பெற்றிருப்பது, எண் 30 அல்லது அதற்கு மேல் உள்ள பெரியவர்களுக்கு. அல்லது 27 க்கு மேல் இருந்து, எடையோடு தொடர்புடைய நோய் ஒன்றாவது இருப்பவர்களுக்கு. மேலே சொன்ன ஆசிரியைக்கு 28.3. அவருக்கு இரத்த அழுத்தமோ நீரிழிவோ இருக்கிறதா என்று தெரியாமல், ஊசி பொருந்துமா என்று யாராலும் சொல்ல முடியாது. பரிசோதித்துப் பார்த்தால்தான் தெரியும். நண்பரின் திருமணத்துக்கு முன் நான்கு கிலோ குறைய வேண்டும் என்பவருக்கு இம்மருந்தில் வேலையே இல்லை.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் 25 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணைக் கொண்டவர்கள். எனவே நம் ஓய்வறைகளில் பத்தில் நான்கு பேர் இந்தப் பேச்சைத் தமக்கானதாகக் கேட்பதில் வியப்பில்லை.

உள்ளூர் மருத்துவர் என்ன செய்வார்

இம்மருந்துகளைச் சிறப்பு மருத்துவரின் பரிந்துரைச் சீட்டின் பேரில்தான் விற்க வேண்டும்: பொது மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் போன்றோர். 'அப்படியானால் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் போய் என்ன பயன்?' என்று கேட்கலாம். சீட்டு எழுதும் முன் நடக்க வேண்டிய வேலையில் பெரும்பகுதியும், எழுதிய பின் தொடர வேண்டிய கண்காணிப்பும் உள்ளூரிலேயே நடக்கக்கூடியவை என்பதுதான் பதில்.

எடை ஏன் கூடியது என்று முதலில் அவர் பார்ப்பார். தைராய்டு குறைவாகச் சுரந்தால் எடை கூடும். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையிலும் கூடும். மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ நீண்டநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கும், வலிப்பு அல்லது மனநலத்துக்கான சில மருந்துகளை எடுப்பவர்களுக்கும் கூடும். அங்கே மருந்தை மாற்றுவதே சிகிச்சையாக இருக்கலாம். இரவில் பலத்த குறட்டையும் பகலில் கண்ணைச் சொக்கும் தூக்கமும் இருந்தால் தூக்க மூச்சுத்தடை இருக்கலாம். ஐந்தாம் பாடவேளையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் கண் சுழல்கிறது என்றால் அது வேலைக் களைப்பாக மட்டும் இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவதாக, நீங்கள் ஏற்கெனவே எடுக்கும் மருந்துகளைப் பார்ப்பார். உயிருக்கே ஆபத்தாகும் இடம் இதுதான். நம் ஊரில் நீரிழிவுள்ள பலர் கிளிமிபிரைடு போன்ற, இன்சுலினைக் கூட்டிச் சுரக்கவைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். சிலர் இன்சுலின் போடுகிறார்கள். அவற்றின் அளவைக் குறைக்காமல் எடைக்குறைப்பு ஊசியையும் சேர்த்தால் இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்க இரண்டு இட்லியைக்கூட முடிக்காமல் கிளம்பி, ஊசியால் பசியும் தெரியாமல், காலை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வரும் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். பதினொரு மணிக்குக் கரும்பலகை முன் கை நடுங்கி, வியர்த்து, பேச்சுக் குழறலாம். அந்த நேரத்தில் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும்; நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே 108 ஐ அழைக்க வேண்டும். இப்படி நேராமல் தடுப்பது எளிது: மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு மருத்துவரின் மேசையில் வைப்பது. பெயர் நினைவில்லை என்ற தொல்லையும் தீரும். அதில் சித்த மருந்து, பொடி, கஷாயம் எதையும் மறைக்க வேண்டாம்.

மூன்றாவதாக, யாருக்கு இந்த ஊசி கூடாது என்று கேட்டறிவார். தனக்கோ நெருங்கிய இரத்த உறவினருக்கோ மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் போடக் கூடாது. முன்பு கணைய அழற்சி வந்தவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், சர்க்கரை வேகமாகக் குறையும்போது பார்வை மோசமாகாமல் இருக்கக் கண் மருத்துவரையும் பார்க்க வேண்டும். கருவுற்றவர்கள், கருவுறத் திட்டமிடுவோர் போடக் கூடாது. செமாகுளூடைடைக் கருவுற முயல்வதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கக்கூடும் என்பதும் பல பெண்களுக்குத் தெரிவதில்லை. தொடங்கிய நான்கு வாரங்களும், அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறை நான்கு வாரங்களும் வேறு பாதுகாப்பு முறை தேவை. இதையெல்லாம் மருந்துக்கடைக் கவுன்டரில் நின்று, பின்னால் வரிசையில் நிற்பவர் காதுபட யாரும் பேச மாட்டார்கள். மூடிய கதவுக்குள் ஒரு மருத்துவர் வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

பிறகுதான் ஊசி. செமாகுளூடைடை 0.25 மில்லிகிராமில் தொடங்கி நான்கு வாரத்துக்கு ஒருமுறை படிப்படியாக 2.4 வரை கூட்டுவார்கள். டிர்செபடைடை 2.5 இல் தொடங்குவார்கள். வேகமாகக் குறைய வேண்டும் என்று நாமாகப் படி தாண்டினால் குமட்டலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் படுத்திவிடும். இந்தத் தொல்லைகள் தொடக்கத்தில் பலருக்கும் வரும், மெல்லத் தணியும். இடைவேளை பஜ்ஜியும் எண்ணெய் மிதக்கும் குழம்பும் அவற்றைக் கூட்டும். சிறிது சிறிதாகச் சாப்பிட்டால் தாங்கும். நம் பணியிடத்தில் கழிப்பறை வசதியை எண்ணி நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே பாடம் நடத்தும் ஆசிரியைகள் இருக்கிறார்கள். வாந்தியோடு அந்தப் பழக்கமும் சேர்ந்தால் உடல் வறண்டு சிறுநீரகம் பாதிக்கப்படும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் கடுமையான, விடாத வலி வந்தால் அடுத்த ஊசிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வேறெந்த அறுவை சிகிச்சைக்கும் முன்பு, மயக்க மருத்துவரிடம் இந்த ஊசி போடுவதைச் சொல்ல வேண்டும். இரைப்பை மெதுவாகக் காலியாவதால் மயக்கநிலையில் உணவு மேலேறும் ஆபத்து உண்டு.

எடை குறையும்போது கொழுப்போடு தசையும் குறைகிறது. நம் தட்டில் பெரும்பகுதி சோறு. பசி குறைந்தவர் சோற்றோடு பருப்பையும் சேர்த்தே குறைத்துவிடுகிறார். செய்ய வேண்டியது நேர்மாறு: முதலில் சுண்டல், பருப்பு, முட்டை, மீன், தயிர், வயிற்றில் இடம் மிஞ்சினால் சோறு. கூடவே தசைக்கு வேலை தரும் பயிற்சி. உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டால் கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடியவற்றைச் சொல்லித் தருவார்.

எங்கே போவது, எப்போது போவது

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். தொற்றா நோய்ப் பிரிவில் அதற்கென்றே செவிலியர் இருக்கிறார். மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கான முதற்கட்டப் பரிசோதனையையும் பெண்கள் அங்கேயே செய்துகொள்ளலாம். எடைக்காகப் போகிற நாளில் அதையும் முடித்துவிட்டு வருவது இன்னொரு அரைநாள் விடுப்பை மிச்சப்படுத்தும். நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. பெற்றோருக்காக அதைத் தெரிந்துவைத்திருக்கும் நாம், நமக்கு என்று வரும்போது அங்கே போவதில்லை. பள்ளி நேரமும் வெளிநோயாளர் நேரமும் ஒன்றாக இருப்பது உண்மையான தடைதான். நகரங்களில் உள்ள நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலையிலும் செயல்படுகின்றன என்பது அங்கே பணிபுரிவோருக்கு உதவும். நம்பிக்கையான தனியார் குடும்ப மருத்துவர் இருந்தால் அதுவும் நல்ல வழியே. யாராக இருந்தாலும், ஆண்டுதோறும் ஆள் மாறாமல் ஒருவரிடமே போவது முக்கியம்.

உள்ளூர் மருத்துவர் ஊசி தேவை என்று கருதினால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்கோ, நீரிழிவுப் பிரிவுக்கோ, வேறு சிறப்பு மருத்துவருக்கோ கடிதம் தருவார். அந்தக் கடிதத்தோடும் பரிசோதனை முடிவுகளோடும் போனால், அங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இலவச மருந்தாக இது அரசு நிலையங்களில் எளிதில் கிடைக்கும் என்று எதிர்பார்த்துச் செல்ல வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் இவ்வகை மருந்துகளை, இரண்டாம் வகை நீரிழிவோடு இதய நோயோ சிறுநீரக நோயோ, கூடவே பருமனும் உள்ளவர்களுக்காக இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. அழகுக்காக இளைப்பது அந்தப் பட்டியலில் இல்லை. பலருக்கு மருத்துவரின் முடிவு 'இப்போதைக்கு ஊசி வேண்டாம்' என்பதாகவும் இருக்கலாம். மேலே சொன்ன 68 கிலோ ஆசிரியை 3.4 கிலோ குறைந்தாலே அது 5 விழுக்காடு. அந்த அளவே சர்க்கரையிலும் இரத்த அழுத்தத்திலும் மாற்றம் காட்டத் தொடங்கும்.

வாங்குவதாக இருந்தால் உரிமம் பெற்ற கடையில், ரசீதோடு, குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தரும் மருந்தையே வாங்க வேண்டும். போலி ஒஸெம்பிக் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் உலக நாடுகள் அனைத்துக்கும் எச்சரிக்கை விட்டது. பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் அவை பிடிபட்டிருந்தன. வீட்டில் 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைக்க வேண்டும். உறைபெட்டியில் வைத்து உறைந்துவிட்டால் வீண்தான், தூக்கி எறிய வேண்டும். ஒருவரின் ஊசிப்பேனாவை மற்றவர் பகிர்வது, ஊசிமுனையை மாற்றினாலும், நோய்த்தொற்றுக்கு வழி.

வகுப்பறையில்

ஆசிரியர் இளைப்பதை மாணவர்கள் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். 'மிஸ் ஊசி போட்டு இளைச்சிட்டாங்க' என்பது ஒன்பதாம் வகுப்பு மாணவியின் காதில் எப்படி விழும் என்று எண்ண வேண்டும். அந்த வயதில் வளர்ச்சிக்காகவே எடை கூடும். கேலிக்கு அஞ்சிக் காலை உணவைத் தவிர்க்கும் பிள்ளைகள் ஏற்கெனவே நம் வகுப்புகளில் உண்டு. அவர்களிடம் ஊசியின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. 'குண்டு' என்ற பட்டப்பெயரை ஓய்வறையிலும் வகுப்பிலும் நிறுத்தினால் போதும். மாணவர் ஒருவரின் எடை உண்மையிலேயே கவலை தந்தால், பள்ளிக்கு வரும் பள்ளி சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவிடம் தனியே காட்டலாம். அந்தக் குழு வரும் நாளைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு, அந்தப் பிள்ளையின் பெற்றோரையும் அன்று வரச் சொல்லிவிட வேண்டும்.